வாய்க்காலைத் தாண்டிய பியானோ: டெடி வெதர்ஃபோர்டின் வாழ்வும் இசையும்

புதுச்சேரி நகரை இரண்டாகப் பிரித்து ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரமாக அமைந்த பகுதிக்குப் பிரெஞ்சு ஆட்சியில் வெள்ளை நகரம் என்று பெயர். மேற்கே இருந்தது கறுப்பு நகரம். அந்தக் கறுப்பு நகரத்துக்குள்ளும் வெள்ளாழருக்கு ஒரு வீதி, செட்டிகளுக்கு ஒரு தெரு, கோமுட்டிகளுக்கு ஒரு தெரு என்று சாதிவாரியாகப் பாதைகள் வகுக்கப்பட்டன. இரண்டு நகரங்களுக்கும் வெளியே சேரிகள் இருந்தன. ஆண்டவனின் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். 1745-ஆம் ஆண்டில் இங்கிருந்த தேவாலயத்துக்குள் பறையர் கிறித்தவர்களைத் தனியே பிரிக்கச் சுவர் இருந்ததையும், அவர்கள் திரண்டு முறையிட்டபின் அது அகற்றப்பட்டதையும், அதனால் சாதிக் கிறித்தவர்கள் சினந்து எழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது.

இன்று அதே வெள்ளை நகரத்தின் உணவு விடுதிகளில் மாலை நேரங்களில் ஜாஸ் இசை மெல்லிய ஒலியில் கசிகிறது. பெரும்பாலும் அது பியானோ மூவர் குழுக்களின் இசை. பியானோ, பேஸ், டிரம்ஸ் என மூன்றே கருவிகள். சுற்றுலா வந்தவர்களுக்கு அது உணவோடு சேர்ந்த ஓர் அலங்காரம். அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படைத்த இசை அது என்பது அந்த மேசைகளில் நினைக்கப்படுவதில்லை. அந்த இசையோடு இந்தியாவுக்கு வந்து, இங்கேயே குழு அமைத்து, இங்கேயே மணம்புரிந்து, 41 வயதில் கல்கத்தா மருத்துவமனையில் காலராவுக்குப் பலியான ஒரு கறுப்பினக் கலைஞர் இருந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் டெடி வெதர்ஃபோர்ட். தன் காலத்தில் சிகாகோவிலிருந்து ஷாங்காய் வரை இசையுலகம் அறிந்த பெயர் அது. சாதிக்கு எதிராகப் போராடும் நமக்கு அவர் வாழ்க்கை எளிதில் விடை காண முடியாத ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது.

நிலக்கரி மண்ணிலிருந்து

வெதர்ஃபோர்ட் 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் போகஹான்டஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். அருகிலுள்ள மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டு நகரில் வளர்ந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு அப்போது 38 ஆண்டுகளே ஆகியிருந்தன. சட்டம் ஒழித்ததை வேறொரு சட்டம் மீட்டெடுத்துக் கொண்டிருந்த காலம் அது. 1896-ஆம் ஆண்டில் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி ரயில் பெட்டிகள் வைப்பது அரசமைப்புக்கு முரணானதன்று என்று தீர்ப்பளித்தது. வசதிகள் சமமாக இருந்தால் பிரித்து வைப்பதில் பிழையில்லை என்ற அந்தக் கோட்பாட்டின் நிழலில் பள்ளி, மருத்துவமனை, பூங்கா, குடிநீர்க் குழாய், கல்லறை என எல்லாம் இரண்டாயின. நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கும் அந்தக் குடிநீர்க் குழாய்களுக்கும் இடையே உறவு கண்டறிய வழக்குரைஞராக இருக்க வேண்டியதில்லை.

அந்த வழக்கு பிறந்த ஊர் நியூ ஓர்லியன்ஸ். அதே ஊருக்குத்தான் பதின்பருவத்தில் வெதர்ஃபோர்ட் வந்து சேர்ந்தார். பியானோவை அவர் கற்றது அங்கே. ஜாஸ் உருவாகிக்கொண்டிருந்த இடமும் காலமும் அதுவே. சவ ஊர்வலத்தில் முழங்கும் பித்தளை வாத்தியங்கள், தேவாலயப் பாடல்கள், வயல்களில் வேலைப்பாட்டாக எழுந்த குரல்கள், மது விடுதிகளின் பியானோ ஆகியவை ஒன்றோடொன்று கலந்து புதிய இசையாயின. இழவு வீட்டுக்கும் திருமண வீட்டுக்கும் வாசிக்க அழைக்கப்பட்டு, வாசித்து முடித்ததும் பின்வாசல் வழியே அனுப்பப்பட்ட மக்கள் அதைப் படைத்தார்கள்.

1920-களின் தொடக்கத்தில் அவர் சிகாகோவுக்குச் சென்றார். தெற்கு மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கு நோக்கி இடம்பெயர்ந்த காலம் அது. வடக்கும் விடுதலை நிலமாக இருக்கவில்லை. 1919-ஆம் ஆண்டுக் கோடையில் சிகாகோவில் நடந்த இனக் கலவரத்தில் 38 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பர். ஆயினும் அந்நகரின் தெற்குப் பகுதியில் கறுப்பர்களுக்கென்று திரையரங்குகளும் நடன அரங்குகளும் இருந்தன. அவற்றுள் ஒன்றான வெண்டோம் திரையரங்கில் எர்ஸ்கின் டேட் நடத்திய இசைக்குழு, ஊமைப் படங்களுக்கு வாசித்துப் புகழ்பெற்றது. அக்குழுவில் லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட் வாசித்தார். வெதர்ஃபோர்ட் பியானோ வாசித்தார். 1926-ஆம் ஆண்டு மே மாதம் அக்குழு பதிவு செய்த இரண்டு இசைப்பகுதிகளில் இருவரையும் இன்றும் கேட்கலாம்.

இரண்டு கைகளில் ஒரு குழு

வெதர்ஃபோர்டின் கலையைப் புரிந்துகொள்ள, அக்காலப் பியானோ கலைஞரிடம் எதிர்பார்க்கப்பட்டதை அறிய வேண்டும். இன்றைய மூவர் குழுவில் தாளத்தை டிரம்ஸ் தாங்குகிறது. அடிச்சுருதியைப் பேஸ் தாங்குகிறது. பியானோ விரும்பியபடி உலவலாம். அன்றைய தனிப் பியானோ கலைஞர் இம்மூன்றையும் ஒருவராகவே செய்தார். இடது கை முதலில் கீழ்ச்சுரம் ஒன்றை அழுத்தும். அடுத்த அடிக்குள் தாவி நடுப்பகுதியில் பல சுரங்களை ஒன்றாக அழுத்தும். மீண்டும் கீழே போகும். ஒரு நொடிக்குப் பலமுறை நிகழும் இந்தத் தாவலே பேஸாகவும் டிரம்ஸாகவும் ஒலிக்கும். வலது கை அதன்மேல் பண்ணைப் பாடும், உடைக்கும், திருப்பிப் போடும். இடது கை ஒரு கணம் பிசகினாலும் ஆடுபவர்களின் கால்கள் தடுமாறும்.

வெதர்ஃபோர்டின் இடது கை பிசகாதது என்று பெயர் பெற்றது. அவர் வலது கையில் வேறொரு சிறப்பு இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத அரங்கில், ஊதுகருவிகள் முழங்கும்போது பியானோ அமுங்கிவிடும். அதைக் கடந்து கேட்கும்படி சுரங்களை அழுத்தமாக, டிரம்பெட் பாய்வதுபோல வாசிக்கும் திறன் அன்றைய சிகாகோவில் வளர்ந்தது. அத்திறனின் உச்சமாகப் பின்னாளில் போற்றப்பட்டவர் ஏர்ல் ஹைன்ஸ். அவர் சிகாகோவுக்கு வந்தபோது அங்குள்ள இளைய பியானோ கலைஞர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தவர் வெதர்ஃபோர்ட். ஹைன்ஸ்மீதும் அவருடைய செல்வாக்கு இருந்தது. வெண்டோம் குழுவின் பியானோ இருக்கையில் பின்னர் ஹைன்ஸும் அமர்ந்தார்.

சிகாகோவிலேயே தங்கியிருந்தால் வெதர்ஃபோர்ட் ஜாஸ் வரலாற்றின் முதல் வரிசைப் பெயர்களுள் ஒன்றாகியிருப்பார் என்று கருதுவோர் உண்டு. அவர் தங்கவில்லை. 1926-ஆம் ஆண்டில் ஜாக் கார்ட்டரின் குழுவோடு கப்பலேறி ஆசியாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு 23 வயதுகூட நிறைந்திருக்கலாம், நிறையாமலும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தது ஆசியத் துறைமுக நகரங்களில்தான்.

ஷாங்காய்: கடல் கடந்தும் தொடர்ந்த கோடு

அன்றைய ஷாங்காயின் ஒரு பகுதி பன்னாட்டுக் குடியிருப்பாகவும் இன்னொரு பகுதி பிரெஞ்சுக் குடியிருப்பாகவும் இருந்தன. சீன மண்ணில் சீனரே இரண்டாம் தர மனிதர்களாக நடத்தப்பட்ட நகரம். அங்கே வெதர்ஃபோர்ட் பெரும் நட்சத்திரமானார். ஒரே இரவில் பல நடன மன்றங்களுக்கு மாறி மாறிச் சென்று, ஒவ்வொன்றிலும் சிறிது நேரம் வாசித்து, அடுத்த மன்றத்துக்குப் புறப்படும் அளவுக்கு அவருக்கு வரவேற்பு இருந்தது. 1933-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டிலிருந்து திரும்பும் வழியில் ஷாங்காய்க்கு வந்த கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கு அவரோடு நட்புக் கொண்டார். தம் பயண நினைவு நூலிலும் அவரைப் பற்றி எழுதினார்.

1934-ஆம் ஆண்டில் வெதர்ஃபோர்ட் சிறிது காலம் அமெரிக்கா திரும்பி, லாஸ் ஏஞ்சலீஸில் பக் கிளேட்டன் என்ற இளம் டிரம்பெட் கலைஞரின் குழுவை ஷாங்காயின் கானிட்ரோம் நடன அரங்குக்கு அழைத்து வந்தார். அந்த அரங்கில்தான் அமெரிக்க வெள்ளையன் ஒருவன் கிளேட்டனோடு மோதினான். அடிதடியின் முடிவில் அரங்கை இழந்தது கறுப்பினக் குழு. பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்தாலும் நிறக்கோடு முன்கூட்டியே வந்து காத்திருந்தது. வேறு வேலை தேட வேண்டிய நிலையில் கிளேட்டன் சீன மக்கள் செல்லும் அரங்கொன்றில் சீனப் பாடல்களை வாசித்தார். பிற்காலத்தில் கவுண்ட் பேசி குழுவின் முதன்மைக் கலைஞருள் ஒருவராக அவர் உயர்ந்தார்.

வெதர்ஃபோர்ட் ஏன் நாடு திரும்பவில்லை என்ற கேள்விக்கு இங்கேயே பாதி விடை இருக்கிறது. ஆசியாவிலும் இழிவு இருந்தது. ஆனால் இரவில் ஊருக்கு வெளியே மரத்தில் தொங்கவிடும் கும்பல் இல்லை. எழுந்து நின்று போராடுவது ஒரு வழி. அடங்க மறுத்து வெளியேறுவது இன்னொரு வழி. தஞ்சைப் பண்ணைகளிலிருந்தும் தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்தும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறியவர்களின் கதையை அறிந்த நாம், இந்த இரண்டாம் வழியைக் கோழைத்தனம் என்று சொல்லத் துணியமாட்டோம்.

பம்பாய்: ஒரே நகரின் இரண்டு மேடைகள்

வெதர்ஃபோர்ட் பிறந்த அதே 1903-ஆம் ஆண்டின் டிசம்பரில் பம்பாயில் தாஜ்மகால் ஓட்டல் திறக்கப்பட்டது. 1935-ஆம் ஆண்டின் இறுதியில் லியோன் அபே தலைமையிலான கறுப்பினக் குழு அங்கு வாசித்தது. அதைத் தொடர்ந்து டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித்தின் குழு. வெதர்ஃபோர்ட் ஸ்மித்தோடு சேர்ந்து, பின்னர் அக்குழுவின் தலைமையையும் ஏற்றார். 1930-களின் இரண்டாம் பாதியில் பம்பாய் தாஜ் ஓட்டலும் கொழும்பும் அவருடைய களங்களாயின. வெள்ளைக்கார அதிகாரிகளும் சுதேச மன்னர்களும் பார்சி முதலாளிகளும் ஆடினர். பெரிய உடலும் பெரிய கைகளும் கொண்ட வெதர்ஃபோர்ட் அவர்களை ஆட்டுவித்தார்.

அதே ஆண்டுகளில் அதே பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று உறுதி கூறியிருந்தார். 1936-இல் லாகூரில் பேச மறுக்கப்பட்ட உரையை, சாதியை அழித்தொழிப்பது பற்றிய நூலாகத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்றவர் அவர். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அருகேதான் கறுப்பர்களின் ஹார்லெம் வளர்ந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட இரு மக்களின் விடுதலைக் கதைகளும் ஒரே நகரின் இரு மூலைகளில் நடந்துகொண்டிருந்தன: ஒன்று நடன அரங்கின் மேடையில், மற்றொன்று தொழிலாளர் குடியிருப்புகளின் கூட்டங்களில். அவை ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொள்ள இன்னும் பத்தாண்டுகள் ஆயின. 1946-இல் அம்பேத்கர், கறுப்பினப் பேரறிஞர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. மன்றத்தில் கறுப்பர்கள் அளிக்கவிருந்த முறையீட்டின் படியைக் கேட்ட கடிதம் அது.

1937-இல் வெதர்ஃபோர்ட் பாரிஸ் சென்றார். அந்த ஆண்டு அங்கு நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக் காலத்தில் வாசித்தார். முழுக்க முழுக்க ஜாஸ் இசைக்காகவே தொடங்கப்பட்டிருந்த சுவிங் என்ற பிரெஞ்சு இசைத்தட்டு நிறுவனம் அவருடைய தனிப் பியானோ வாசிப்புகளைப் பதிவு செய்தது. குழுவின் துணையின்றி அவர் கைகளை மட்டுமே கேட்க வாய்ப்பளிப்பவை அத்தட்டுகள். இடது கை அளந்து நடக்க, வலது கை அதற்கு முன்னும் பின்னும் ஓடி விளையாடுவதை அவற்றில் உணரலாம். கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டாடிய அதே பாரிஸ்தான் அன்று புதுச்சேரியையும் மேற்கு ஆப்பிரிக்காவையும் ஆண்டது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி முதலியார்பேட்டையில் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்களில் பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கலைஞனுக்குக் கைதட்டுவதும் அவன் நிறத்தவரை ஆள்வதும் ஒரே அரசின் இரண்டு கைகளாக இருந்தன.

இன்னொன்றையும் இங்கு நினைக்க வேண்டும். அன்றைய இசைத்தட்டுகள் அரக்கிலிருந்து செய்யப்பட்டன. உலகச் சந்தைக்கு அரக்கைப் பெருமளவில் வழங்கிய நாடு இந்தியா. அதைக் காட்டு மரங்களிலிருந்து சேகரித்தவர்களில் பெரும்பாலோர் சோட்டா நாகபுரியின் பழங்குடிகள். நியூயார்க்கிலும் பாரிஸிலும் கறுப்பனின் இசை பதிந்த தட்டுக்குள் ஓர் ஆதிவாசியின் உழைப்பும் படிந்திருந்தது. இருவர் பெயரும் இலாபக் கணக்கில் இல்லை.

கல்கத்தா: நடன அரங்கும் நடைபாதையும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் நிலைகொண்டார். சௌரங்கி வீதியிலிருந்த கிராண்ட் ஓட்டலில் குழு நடத்தினார். ஆங்கிலோ-இந்தியப் பெண் ஒருவரை மணந்தார். கொலம்பியா நிறுவனத்துக்காகக் கல்கத்தாவிலேயே பல இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். அமெரிக்கப் படைகளின் வானொலியிலும் அவர் குழு ஒலித்தது.

அந்தக் குழுவின் அமைப்பே ஒரு செய்தி. சிகாகோவைச் சேர்ந்த ராய் பட்லர் சாக்ஸபோன் வாசித்தார். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பால் பர்மாவைவிட்டு வந்த கிளாரினெட் கலைஞர் ரூபன் சாலமனும் கிட்டார் கலைஞர் செட்ரிக் வெஸ்ட்டும் அதில் இடம்பெற்றனர். நேபாள வம்சாவளியினரான ஜார்ஜ் பேங்க்ஸ் இருந்தார். அமெரிக்கக் கப்பல் தொழிலாளியாகக் கல்கத்தாவுக்கு வந்த ஜிம்மி விதர்ஸ்பூன் என்ற இளைஞர் அக்குழுவில் பாடித்தான் முதலில் கவனம் பெற்றார். பின்னாளில் புளூஸ் இசையின் பெரும் பாடகர்களுள் ஒருவரானார். அமெரிக்க இராணுவத்தில் கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனிப் பிரிவுகளாக வைக்கப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. 1948-ஆம் ஆண்டுவரை அந்தப் பிரிவினை நீங்கவில்லை. அசாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவை எட்டும் லேடோ சாலையை அமைத்த அமெரிக்கப் படையினர் சுமார் 15,000 பேரில் 60 விழுக்காட்டினர் கறுப்பர். துப்பாக்கியைவிட மண்வெட்டியே அவர்களுக்கு அதிகம் தரப்பட்டது.

பர்மாவிலிருந்து வந்த இசைக் கலைஞர்களைக் குறிப்பிடும்போது, அதே ஆண்டில் அதே நாட்டிலிருந்து காடுமலை கடந்து நடந்த லட்சக்கணக்கான இந்தியக் கூலித் தொழிலாளரை மறக்க முடியாது. அவர்களில் தமிழர் ஏராளம். வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பாதைகள் பிரிக்கப்பட்டதாக அன்றே கண்டனம் எழுந்தது. பசியாலும் நோயாலும் வழியிலேயே பல்லாயிரவர் மாண்டனர்.

மறு ஆண்டு, 1943-இல், வங்கப் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்ட பேரழிவு அது. அதிகம் அழிந்தவர்கள் நிலமற்ற கூலிகளும் மீனவர்களும். அதாவது, சாதி அடுக்கின் அடியில் கிடந்தவர்கள். உணவு தேடிக் கல்கத்தாவுக்கு வந்தவர்கள் நடைபாதைகளில் விழுந்து இறந்தனர். அதே காலத்தில் கிராண்ட் ஓட்டலின் நடன அரங்கு இரவுதோறும் நிரம்பியது. அதே ஆண்டில்தான் ஜோகேந்திரநாத் மண்டல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் வங்கக் கிளையைத் தொடங்கினார். மூன்றாண்டுகளுக்குப் பின் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பியது வங்கமே.

வெதர்ஃபோர்டை வழிபடும் நோக்கம் இக்கட்டுரைக்கு இல்லை. தம் நாட்டில் கடைசிப் படியில் நிறுத்தப்பட்ட மனிதர், இங்கே வெள்ளை உடையில் பளபளக்கும் மேடையில் இருந்தார். அவருக்கான கைதட்டல், வெளியே பட்டினி கிடந்தவர்களின் நிலத்தையும் உழைப்பையும் உறிஞ்சியவர்களின் கைகளிலிருந்து எழுந்தது. ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் எல்லா ஒடுக்குமுறைகளுக்கும் வெளியே நின்றுவிடுவதில்லை. நம்மையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

1945 ஏப்ரல் 25 அன்று, கல்கத்தா பிரசிடென்சி பொது மருத்துவமனையில் காலராவால் அவர் இறந்தார். பஞ்சத்துக்குப் பின் வங்கக் கிராமங்களில் எண்ணற்ற உயிர்களைக் குடித்த அதே நோய். ஐரோப்பாவில் போர் முடிய இரண்டு வாரங்களே இருந்தன.

மூவர் குழு வரை நீண்ட கயிறு

அவரோடு அந்த இசை முடியவில்லை. இந்தியாவில் அவர் குழுவிலும் அவருக்கு முன்பின் வந்த கறுப்பினக் குழுக்களிலும் பயின்ற, அவற்றைக் கேட்டுக் கற்ற கோவா, ஆங்கிலோ-இந்திய, நேபாளக் கலைஞர்கள், சுதந்திரத்துக்குப் பின் ஓட்டல்கள் மங்கியபோது பம்பாய்த் திரையிசைக் கூடங்களுக்குள் நுழைந்தனர். ஆம்ஸ்ட்ராங்கின் வழியில் டிரம்பெட் வாசித்த சிக் சாக்லேட் 1951-இல் வெளிவந்த அல்பேலா படத்தின் இசையில் பங்காற்றினார். நாம் இந்தித் திரையிசை என்று கேட்ட துள்ளலுக்குள் சிகாகோவின் தெற்குப் பகுதி ஒலித்தது. ஜார்ஜ் பேங்க்ஸ் 1941-இல் பிறந்த தம் மகனுக்கு ஆம்ஸ்ட்ராங்கின் நினைவாக லூயி என்று பெயரிட்டார். அந்த லூயி பேங்க்ஸ் இந்திய ஜாஸ் பியானோவின் தலைமகனாக வளர்ந்தார்.

அமெரிக்காவில் இன்னொரு கிளை விரிந்தது. வெதர்ஃபோர்டைப் பார்த்து வளர்ந்த ஹைன்ஸை, சிகாகோவில் வளர்ந்த நாட் கிங் கோல் என்ற சிறுவன் பார்த்து வளர்ந்தான். 1937-இல் அவர் பியானோ, கிட்டார், பேஸ் என்ற மூன்று கருவிகளைக் கொண்டு ஒரு மூவர் குழுவை அமைத்தார். டிரம்ஸ் இல்லாமலே தாளம் துல்லியமாக நடந்தது. பெருங்குழுக்களின் முழக்கத்துக்குப் பழகியிருந்த காதுகளுக்கு, மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு உரையாடுவது புதிய அனுபவமாக இருந்தது. ஆஸ்கர் பீட்டர்சன் உள்ளிட்ட பலர் அந்த அமைப்பைப் பின்பற்றினர். புதுச்சேரி உணவு விடுதியில் நாம் கேட்கும் மூவர் குழு இந்தக் கயிற்றின் இன்றைய நுனி.

கோல் பெரும் புகழும் செல்வமும் பெற்றார். 1948-இல் லாஸ் ஏஞ்சலீஸில் வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கியபோது அண்டை வீட்டார் திரண்டு எதிர்த்தனர். 1956 ஏப்ரல் 10 அன்று, தாம் பிறந்த அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில், வெள்ளையருக்கான நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் ஏறிய வெள்ளை வெறியர்கள் அவரைத் தாக்கினர். அதன்பின் கறுப்பர் அமைப்புகளிலிருந்தும் அவருக்குக் கண்டனம் வந்தது: நிறப்பிரிவினை உள்ள அரங்கில் நீ ஏன் பாடினாய் என்று. அதன்பிறகே அவர் கறுப்பர் உரிமைச் சங்கத்தின் வாழ்நாள் உறுப்பினரானார்.

பறையும் பியானோவும்

கோலிடம் கேட்கப்பட்ட கேள்வி நம்மிடமும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. இழவு வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பறை அடிப்பது எங்கள் மீது சுமத்தப்பட்ட இழிதொழில்; அதை அடிக்கமாட்டோம் என்று தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் மக்களைத் திரட்டினார். பறையைக் கீழே வைத்ததற்காகச் சேரிகள் தாக்கப்பட்டன. ஊர்க் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. பின்வந்த தலைமுறையில் அதே பறையை விடுதலையின் கருவியாக ஏந்தி, பெண்களும் மாணவர்களும் மேடையேறினர். முன்னவர் செய்தது சரியா, பின்னவர் செய்வது சரியா என்ற விவாதம் நம் கூட்டங்களில் இன்னும் முடியவில்லை.

வெதர்ஃபோர்டின் வாழ்க்கை அதற்கு ஒரு விடையை நேரடியாகத் தந்துவிடவில்லை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது. அவர் தம் நாட்டைவிட்டுப் போக முடிந்தது. தம் ஊதியத்தைப் பேச முடிந்தது. ஒரு மன்றம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போக முடிந்தது. அவர் கையிலிருந்தது தொழில். தலையில் கட்டப்பட்ட ஊழியம் அன்று. பறைக்கும் இதுவே அளவுகோல். அடிப்பவர் மறுக்கலாம் என்றால் அது கலை. மறுத்தால் குடிநீரும் வழியும் வேலையும் நிறுத்தப்படும் என்றால் அது கட்டாய உழைப்பு. அரசமைப்பின் 23-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இம்மக்களைக் கட்டாய ஊழியத்துக்கு உட்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. வழக்கம், மரபு, ஊர் முறை என்ற சொற்கள் அங்கு வாதமாக எடுபடா. இந்தப் பிரிவில் புகார் எழுத, அடிபட்ட காயம் இருக்க வேண்டியதில்லை. மறுக்கும் உரிமை பறிக்கப்பட்டது என்பதே போதும். கிராமங்களில் வேலை செய்யும் தோழர்களும் சட்டம் படிக்கும் மாணவர்களும் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

நிறத்தின் பெயரால் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954 மே மாதத்தில். பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியைவிட்டு அகன்றது அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில். வெதர்ஃபோர்ட் இரண்டையும் காணவில்லை. வாய்க்கால் இன்னும் இருக்கிறது. அதைக் கடக்க இப்போது யாருக்கும் அனுமதி தேவையில்லை. அடுத்த முறை அதைக் கடந்து, விடுதி ஒன்றில் அந்த மூவர் இசை கேட்டால் ஒரு நிமிடம் நின்று இடது கையைக் கவனியுங்கள். பிறகு, உங்கள் ஊரில் அடுத்த இழவுக்குப் பறையடிக்க அழைக்கப்படுபவரிடம், மறுக்க முடியுமா என்று கேளுங்கள்.